சுல்ஃபியாவின் பின்சக்கர பிரேக்

தக்கலையிலிருந்து பேச்சிப்பாறைக்கும் அதற்கு மேலே கோதையாற்றுக்கும் வாரத்தில் நான்கு நாள் முட்டை கொண்டுபோகிறவள் சுல்ஃபியா. வயது முப்பத்தொன்பது. போகும்போது பின்னிருக்கையில் கட்டிய இரும்புச் சட்டத்தில் பன்னிரண்டு தட்டு முட்டை இருக்கும். திரும்பும்போது அதே சட்டத்தில் மலைத்தோட்டத்து வாழைக்குலைகள். மோட்டார் சைக்கிள் அவள் கணவன் ஷஹீருடையது. அவன் ஷார்ஜாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்துப் போனதும் வண்டி ஒரு வருடம் சும்மா நின்றது. ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னான். வீட்டில் ஒன்று நிற்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டுவிட்டு, அடுத்த விடுமுறைக்கு அவன் வந்திருந்த நாட்களிலேயே சுல்ஃபியா இதை ஓட்டப் பழகிக்கொண்டாள். அதற்கும் ஏழு வருடம் ஆகிவிட்டது.

போன மே மாதம் ஒரு புதன்கிழமை, ஆறு குலை ஏற்றிக்கொண்டு கோதையாற்றிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். எப்போதும்போல் கால் பிரேக்கை மிதித்தபடியே வந்தாள். பாதி இறக்கத்தில் ஏதோ கருகும் நெடி அடித்தது. அடுத்த வளைவில் மிதித்தபோது கால் கீழே போனதே தவிர வேகம் குறையவில்லை. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, வளைவைத் தாண்டி, ரப்பர் தோட்டத்து மண்மேட்டில் வண்டியை ஏற்றித்தான் நிறுத்த முடிந்தது. இரண்டு குலைகள் சரிந்து விழுந்தன. அவளுக்குக் காயம் ஒன்றுமில்லை.

பிரேக் கம்பி அறுந்திருக்கும் என்று குனிந்து பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. பின்சக்கரத்தின் நடுவிலிருந்த டிரம்மைப் புறங்கையால் தொட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். தோசைக்கல்லாகக் கொதித்தது. கால் மணி நேரம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். ஒன்றுமே நடக்காததுபோலச் சக்கரம் நின்றது. வீடு வந்து சேரும்வரை அதுதான் அவளைக் குடைந்தது. கெட்டுப்போன பொருள் கெட்டபடியேதானே இருக்க வேண்டும்? போன பிரேக் எப்படித் தானாகத் திரும்பி வந்தது?

மறுநாள் தக்கலையில் எட்சனின் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாள். எட்சன் அவளைவிட ஆறேழு வயது இளையவன், கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவன். சக்கரத்தைக் கழற்றி, டிரம்முக்குள் பிறை வடிவில் இருந்த இரண்டு பிரேக் கட்டைகளையும் அவள் கையில் கொடுத்தான். அவற்றின் மேல் ஒட்டியிருந்த, சொரசொரப்பாக இருக்க வேண்டிய லைனிங் கண்ணாடிபோல வழவழத்துக் கிடந்தது. மூடிய பாத்திரத்துக்குள் உரசுகிற மாதிரி, சூடு வெளியே போக வழியில்லை என்றான் எட்சன். இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பை விட்டுவிடும். ஆறினால் திரும்பப் பிடிக்கும்.

புது லைனிங் போட்டால் போதும் என்பது அவன் எண்ணம். சுல்ஃபியா அதற்குள் வண்டியின் அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கால் பிரேக்குக்கு மேலே, வண்டியின் உடற்சட்டத்தில் மண் அடைத்துக் கிடந்த இரண்டு துளைகள்.

"இது என்னத்துக்கு தம்பி?"

"இதே வண்டியில பின்னால டிஸ்க் வச்ச மாடலும் உண்டுக்கா. அதுக்க மாஸ்டர் சிலிண்டர் இங்கதான் இருக்கும். சட்டம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"அப்பம் இடம் போட்டு வச்சிருக்கான். சாமான்தான் வைக்கல்ல."

எட்சன் சிரித்தான். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிஸ்க் என்கிற இரும்புத் தகடு திறந்து கிடப்பதால் காற்றுப்பட்டுச் சீக்கிரம் ஆறும் என்பதை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். இரவு போனில் ஷஹீரிடம் சொன்னபோது, கம்பெனி வைத்ததை மாற்றாதே என்றான். இதுவும் கம்பெனி வைத்ததுதான், இன்னொரு மாடலில் வைத்திருக்கிறான் என்றாள் அவள்.

விபத்து வண்டிகளைப் பிரித்து விற்கும் அபுதாஹிரின் கடை குழித்துறையில் இருக்கிறது. சுல்ஃபியாவும் எட்சனும் அங்கே போனார்கள். முன்பக்கம் நசுங்கி, பின்பக்கம் சேதமில்லாமல் ஒரு டிஸ்க் மாடல் கிடந்தது. அதிலிருந்து சக்கரம், சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற காலிப்பர், மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், கால் பெடல் எல்லாவற்றையும் ஒரே செட்டாகக் கழற்றி வாங்கினார்கள். டிஸ்க் வளைந்திருக்கிறதா என்று எட்சன் சுற்றிவிட்டுப் பார்த்தான். டிஸ்க்கை உரசும் பேடு, எண்ணெய் போகும் ஹோஸ், காலிப்பருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் இவை மட்டும் புதிதாகத்தான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றான்.

பழைய டிரம்மைக் கழற்றுவதற்கு முன் சுல்ஃபியா ஒரு வேலை செய்தாள். கைவிடப்பட்ட ஒரு செங்கல்சூளையின் முன்னால், ஆள் வராத தார்ச்சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டாள். புது லைனிங் மாட்டி, முப்பது வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் மிதித்தாள். நின்ற இடம் வரை நடந்து காலடியால் அளந்தாள். பதின்மூன்று காலடி. மூன்று முறை செய்தும் பெரிய வித்தியாசமில்லை.

மாற்றுகிற வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது. எல்லாம் பொருந்தி உட்கார்ந்தபின் பெடலை மிதித்தால் பஞ்சுபோல அமுங்கியது. குழாயில் காற்று இருக்கிறது என்றான் எட்சன். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கிக்கொடுக்கும். காலிப்பரின் திருகு முனையில் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் போட்டான். அவன் சொல்லும்போது அவள் மிதித்துப் பிடிக்க, அவன் திருகைத் திறந்து மூடினான். குழாயில் குமிழிகள் வரிசையாக ஓடுவதை சுல்ஃபியா கண் எடுக்காமல் பார்த்தாள். சிலிண்டரில் பிரேக் ஆயில் குறையக் குறைய ஊற்றினார்கள். கடைசியில் குமிழியே வரவில்லை. பெடல் கல்லாக நின்றது.

மறுபடியும் செங்கல்சூளை. முப்பது வேகம், கோடு, மிதி. சக்கரம் பூட்டிக்கொண்டு சர்ரென்று வழுக்கியது. அளந்தாள். பதின்மூன்று. அடுத்த தடவை மெதுவாக மிதித்தும் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. இத்தனை பாடும் இதற்கா என்று எட்சனைப் பார்த்தாள்.

"சக்கரம் வழுக்கிட்டா டிஸ்க்கும் ஒண்ணுதான், டிரம்மும் ஒண்ணுதான்க்கா. ரோட்டைப் பிடிக்கது டயருல்லா. ஆமா, நீங்க ஏன் கை பிரேக்கைப் பிடிக்கவே இல்ல?"

முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கிப் போட்டுவிடும் என்று ஷஹீர் சொல்லிக்கொடுத்திருந்தான் என்றாள். எட்சன் தலையில் கை வைத்தான். நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, அதனால் முன்சக்கரம்தான் நன்றாகப் பிடிக்கும் என்று விளக்கினான். வெடுக்கென்று பிடிக்காமல் மெல்ல இறுக்க வேண்டும், மணலிலும் வளைவிலும் கவனம் வேண்டும். முதலில் நடக்கிற வேகத்தில், பிறகு பத்தில், இருபதில் என்று அன்று மாலை முழுக்கப் பழகினாள். முப்பதில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது எட்டாவது காலடியில் வண்டி நின்றது. அதை நான்கு முறை அளந்தாள். இத்தனை வருடம் பாதி பிரேக்கோடு மலை இறங்கியிருக்கிறோம் என்று எண்ணியபோது சிரிப்புத்தான் வந்தது.

இனி மலைதான் மிச்சம். அடுத்த புதன்கிழமை ஆறு குலையோடு இறங்கினாள். கியரைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்தாள். ஒவ்வொரு வளைவிலும் பெடல் ஒரே இடத்தில் நின்றது, ஒரே மாதிரி பிடித்தது. அந்த மண்மேட்டைத் தாண்டியதுகூட அவளுக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பேச்சிப்பாறையில் நிறுத்தி டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சுர்ரென்று ஆவியானது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் விட்டபோது சொட்டு அப்படியே வழிந்து இறங்கியது. ஜூன் மழையில் இன்னொன்றும் கண்டுபிடித்தாள்: நனைந்த டிஸ்க் முதல் மிதியில் ஒரு நொடி யோசிக்கிறது, அப்புறம் பிடிக்கிறது. மழை நாளில் வளைவுக்கு முன்பே ஒருமுறை லேசாக மிதித்துவிடுவது அதிலிருந்து அவள் வழக்கம்.

செப்டம்பரில் ஷஹீர் வந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், குந்தியிருந்து காலிப்பரைத் தடவினான், பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தான். மறுநாள் முட்டைச் சட்டத்தைக் கழற்றிவிட்டு அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோதையாறு போய் வந்தாள். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் அவனுடைய வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல ஃபுட்ரெஸ்டை அழுத்துவது அவளுக்குத் தெரிந்தது.

"அங்க சவிட்டினா நிக்காது" என்றாள்.

அவன் காலைத் தளர்த்திக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும், போனில் சொன்னாயே, பிரேக் குழாயிலிருந்த அந்தக் குமிழியை நீயும் எட்சனும் எப்படி வெளியே எடுத்தீர்கள் என்று கேட்டான்.