ஸ்மூத்தியை மென்று குடிக்கிற வஹீதா மச்சி

வஹீதா மச்சி பயப்படுவதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை, பொழுது விடிந்தால் போதும். கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டு வாசல்வரை போவார், திரும்பி வந்து மறுபடியும் தொட்டுப் பார்ப்பார். குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் அடுப்படியில் நிற்க மாட்டார். ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறினால் மடியைப் பார்த்தபடி நபி பேரில் ஸலவாத் ஓதுவார், மாம்பழச்சாலை வந்த பிறகுதான் தலை நிமிரும். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த பதினோரு வருஷத்தில் என் ஸ்கூட்டியில் அவர் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

அண்ணன் மனைவியை நாங்கள் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். அப்ரார் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஷார்ஜாவில் ஒரே ரூமில் இருக்கிறார்கள். பாலக்கரை மாடி வீட்டில் மச்சி, நான், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் அஃப்ஷீன், மூன்றே பேர். நான் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிறவள். ஊசியைப் பார்த்து அலறுகிறவர்களைத் தினமும் அதட்டி அதட்டி, பயப்படுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

காலையில் இட்லி தோசையோடு மாரடிக்க முடியாமல் ஸ்மூத்தியை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. உரித்து ஃப்ரீசரில் வைத்த ரெண்டு பூவன்பழம், காய்ச்சி ஆறிய பால், ஒரு கை ஓட்ஸ், அண்ணன் அனுப்புகிற பேரீச்சம்பழம் ஆறு. ஐந்து நிமிஷத்தில் ஆகிற வேலை. மச்சி கையில் போனால் அரை மணி நேரம். ஒவ்வொரு பேரீச்சையையும் இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்து, புழு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அடித்து ஊற்றிய பிறகு ஜாரைக் கழுவிக் கவிழ்க்கும்முன் பிளேடின் முனைகளை எண்ணுவார். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. தினமும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் ஸ்மூத்தியை மென்று குடிப்பார். ஒவ்வொரு வாயையும் நாலு தடவை மென்றுவிட்டுத்தான் உள்ளே விடுவார். அஃப்ஷீனுக்கும் அதையே பழக்கிவிட்டார். "பாலை யாராவது மெல்லுவாங்களா மச்சி?" என்று கேட்டு நான் சிரிக்காத நாள் கிடையாது.

அது ஒரு வியாழக்கிழமை, மச்சி விரும்பிப் பிடிக்கிற சுன்னத் நோன்பு நாள், பகலில் எதுவும் குடிக்க மாட்டார். காலையில் கீழே சிலிண்டர் வந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் தடவி, முட்டை விடுகிறதா என்று பார்க்காமல் மச்சி அந்த ஆளை விடமாட்டார். ஸ்கூல் வேன் வர எட்டு நிமிஷம்தான் இருந்தது. நானே ஜாரை எடுத்தேன். பேரீச்சைகளை விரலால் பிதுக்கிப் பிதுக்கிப் போட்டேன். ஐந்தில் கொட்டை வந்தது. ஆறாவதில் வந்ததா என்று நான் பார்க்கவில்லை.

மிக்ஸி கடகடவென்று கத்தியது. மூடியைத் திறந்தால் கொட்டை உடைந்து மிதக்கிறது. ஸ்பூனால் மூன்று துண்டுகளை எடுத்துப் போட்டேன், மறுபடி ஒரு சுற்று விட்டேன். இண்டர்வலில் குடிக்க அஃப்ஷீன் பாட்டிலில் பாதி. மீதியை நான் நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தேன்.

ஒன்பது மணிக்கு மச்சி ஜாரைக் கழுவினார். "தஸ்லிமா, மூணுதான் இருக்கு" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்ன மூணு?" என்று கேட்டபடி போனேன். பிளேடின் ஒரு முனை ஒடிந்து, ஒடிந்த இடம் புதிதாகப் பளபளத்தது. போனது ஒரு அரிசி அளவுதான் இருக்கும். ஆனால் அது கத்தியின் நுனி.

தொட்டியைத் துழாவினோம். குப்பையைக் கொட்டிக் கொட்டைத் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தோம். இல்லை. ஆயிரம் பேருக்கு ஊசி குத்திய நான், ஸ்கூல் நம்பரை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். ஸ்கூலுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. வேன் டிரைவர் சவரிநாதனுக்கு அடித்தேன். "பிள்ளைங்கள அப்பவே விட்டுட்டேங்க. இப்ப பொன்மலைப் பக்கம் இருக்கேன்" என்றார். பத்து மணிக்கு இண்டர்வல், ஸ்கூல் ஸ்ரீரங்கத்தில்.

ஸ்கூட்டியைக் கிளப்பியபோது பின்னால் கனம் இறங்கியது. மச்சி ஏறி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வீட்ல இருங்க மச்சி."

"பேசிக்கிட்டு நிக்காத. போ!"

சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டிப் பாலத்தில் ஏறினால் வண்டிகள் நகரவே இல்லை. என் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. பிள்ளையின் தொண்டை மட்டும்தான் தெரிந்தது. மச்சி மடியைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்த லாரிக்கு இடதுபக்கம் வழி இருக்கு, நுழை. பயப்படாத, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் நகம் என் தோளில் பதிந்திருந்தது. மாம்பழச்சாலையில் மணி பத்தைத் தாண்டிவிட்டது. "யா அல்லாஹ், என் பிள்ளையை விட்டுடு" என்று சத்தமாகவே அழுதேன்.

நாங்கள் போனபோது இண்டர்வல் முடிந்திருந்தது. டீச்சர் அஃப்ஷீனை வெளியே அழைத்து வந்தார். பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம்.

"குடிச்சிட்டியாம்மா?"

"ஆமா. கல்லு கல்லா இருந்துச்சு. வஹீதா மாமி சொன்ன மாதிரி மென்னு பார்த்துத் துப்பிட்டேன்" என்று கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். பழுப்பாக இரண்டு துண்டு. இரண்டுமே கொட்டை, இரும்பு இல்லை. மச்சி குழாயடியில் தன் துப்பட்டாவின் நுனியை விரித்து மீதி ஸ்மூத்தியை வடிகட்டினார். அதிலும் இல்லை. பிள்ளையின் வாயைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் நாக்கு, அண்ணம் எல்லாம் பார்த்தார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். குடித்ததோடு உள்ளே போயிருக்குமோ?

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வேறு யார் குடித்தது என்று டாக்டர் கேட்டு எனக்கும் எடுக்கச் சொன்னார். படம் வருகிறவரை அஃப்ஷீன் ஜாலியாக நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் ஆடுகிறதா, நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழந்தைக்கு ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். இன்னொரு படத்தைத் தூக்கிப் பிடித்தார். என் வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு கீறல். "உங்களுக்குத்தாம்மா இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை நிற்கவில்லை. என் வயிற்றில் இருக்கிறது, என் வயிற்றில்தான் இருக்கிறது என்று அந்தப் படத்தையே பார்த்தேன்.

அதுவரை கல்லாக நின்ற மச்சி அப்போதுதான் உடைந்தார். "ஐயோ, இவளுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன டாக்டர் பண்றது?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும், வலியோ வாந்தியோ ரத்தமோ இருந்தால் உடனே ஓடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

பிறகு வந்த நாட்களை என் எதிரிக்கும் கொடுக்க வேண்டாம். பிள்ளைக்கு இல்லை என்கிற சந்தோஷம் சாயங்காலம்வரை தாங்கியது. அப்புறம் எனக்காக நான் பயப்பட ஆரம்பித்தேன். வயிறு லேசாக இரைந்தாலும் உடம்பு வேர்த்தது. அரை மணிக்கு ஒரு தடவை மச்சி, "வலிக்குதா?" என்பார். முன்பானால் எரிந்து விழுந்திருப்பேன். இப்போது அவர் கேட்க மறந்தால் நானே அடுப்படிக்குப் போய் நின்றேன். நாலாம் நாள் எடுத்த படத்தில் வயிறு சுத்தமாக இருந்தது.

கிளினிக்கிலிருந்து வரும்போதும் மச்சி ஸ்கூட்டியில்தான் வந்தார். பாலத்தில் கேட்டேன். "அன்னைக்கு இங்க உங்களுக்குப் பயமாவே இல்லையா மச்சி?"

"இல்லாம? உசுரே போயிடுச்சு. ஆனா எனக்கு அது தினமும் உள்ளதுதானே? உனக்குத்தான் புதுசு, வண்டி ஓட்டுறவ நீ வேற." சொல்லிவிட்டு மடியைப் பார்த்து ஸலவாத் ஓத ஆரம்பித்தார்.

புது ஜார் வாங்கியிருக்கிறோம். பேரீச்சையைப் பிளப்பது மச்சி, முனைகளை எண்ணுவது நான். மச்சி ஒரு தடவைதான் எண்ணுவார், நான் இரண்டு தடவை எண்ணுகிறேன். போன வாரம் டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது அஃப்ஷீன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலை யாராவது மெல்லுவாங்களாம்மா?" என்றாள்.

நான் மூணாவது தடவை மென்றுகொண்டிருந்தேன். வாயில் இருந்ததை இன்னும் முழுங்கியிருக்கவில்லை.