சைக்கிள் ஷெட்டில் இருந்த துவக்கு

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பர்னில், டண்டினொங் பக்கத்து ஹைஸ்கூல் ஒன்றில் கணிதம் படிப்பித்தேன். மாணவன் ஒருவன் ஆட்களைச் சுடத் துவக்கோடு வரக்கூடும் என்று யாழ்ப்பாணத்திலும் சரி, இங்கும் சரி, எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அன்று காலை, பள்ளி முற்றத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் யார்ட் டியூட்டி எனக்கு. என் வகுப்பு மாணவி மரியா ஓடிவந்தாள். இங்கிலிஷில் நடந்த பேச்சை என் தமிழில் எழுதுகிறேன்.

“மிஸ், இண்டைக்கு ஸ்கூலுக்கு வராதை எண்டு பீட்டர் நேற்றுச் சொன்னவன். இப்ப சைக்கிள் ஷெட்டில நீளமான பையோட தனிய இருக்கிறான்.”

பீட்டரும் என் வகுப்புத்தான். ஊருக்கு வெளியே பண்ணை வீடு. தகப்பன் முயல் சுடுபவர். அந்தப் பையில் என்ன இருக்கும் என்று எனக்கு விளங்கியது.

“ஓடிப்போய் டெபுட்டி பிரின்சிபலிட்டச் சொல்லு. பொலிசைக் கூப்பிடட்டும். பிள்ளையள் எல்லாரையும் உள்ளுக்கு எடுக்கட்டும்.”

அவளை அனுப்பிவிட்டு ஷெட்டுக்கு நடந்தேன். இன்று யாரும் அப்படிப் போக விடமாட்டார்கள். அன்று அதற்கென ஒரு விதியும் இருக்கவில்லை.

பீட்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தான்.

“கிட்ட வராதேங்கோ, மிஸ்.”

“வரேல்லை. இஞ்சயே நிக்கிறன். என்ன நடந்தது?”

“சேஞ்ச் ரூமில என்ர உடுப்பைப் பறிச்சு வெளியில எறிஞ்சவங்கள். எல்லாரும் பார்த்துச் சிரிச்சவை. ஸ்போர்ட்ஸ் மாஸ்டரிட்டச் சொன்னனான். ஆம்பிளையா இரு எண்டார்.”

“எனக்குச் சிரிப்பு வரேல்லை, பீட்டர். அவங்கள் செய்தது அநியாயம்.”

அவன் விம்மி விம்மி அழுதான். அழ விட்டேன்.

“பையை அங்கயே வைச்சிட்டு என்னோட வா.”

“பொலிஸ் வருமா?”

“ஓம், வரும். நான் உன்னோடயே இருப்பன்.”

வைத்துவிட்டு எழுந்து வந்தான். பைக்குள் இருந்த ரைஃபிளில் குண்டு போட்டிருந்தது என்று பொலிஸ்காரர் பிறகு சொன்னார். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டாஃப் ரூமில் கதிரையில் போய் இருந்தேன். நிம்மதியில் எனக்கும் அழுகை வந்தது.

பின்னேர மீட்டிங்கில் பிரின்சிபல், “பெடியனுக்கு விசர். எக்ஸ்பெல் பண்ணினாச் சரி,” என்றார்.

“சேர், அவன் முதலில எங்களிட்டத்தான் வந்தவன். நாங்கள் கேக்கேல்லை. தகப்பன்ர துவக்கு, பொலிஸ் சொன்ன மாதிரி, சமைக்கிற குசினிக் கதவுக்குப் பின்னால பூட்டில்லாமல் நிண்டது. இந்த ரெண்டையும் விட்டா, நாளைக்கு வேற ஒருத்தன் வருவான்.”

ஸ்போர்ட்ஸ் மாஸ்டர் எழுந்தார். “என்னட்டத்தான் வந்தவன்,” என்றார். அடுத்த வாரத்திலிருந்து சேஞ்ச் ரூம் வாசலில் அவரே நின்றார். உடுப்பைப் பறித்தவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினோம். தகப்பன் துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கோர்ட் பீட்டரை மனநல டொக்டரிடம் அனுப்பியது. பிறகு வேறு பள்ளியில் சேர்ந்து படிப்பை முடித்தான்.

“நான் அவனைக் காட்டிக் குடுத்திட்டனோ, மிஸ்?” என்று மரியா கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை. உன்னாலதான் அவனும் உயிரோட இருக்கிறான், மற்றவையும் இருக்கினம்.”

புதிதாகப் படிப்பிக்க வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை முறைப்பாட்டோடு வந்தால் கதிரையில் இருத்தி, சொல்வதை முழுதாகக் கேளுங்கள். துவக்கு வந்த பிறகும் பேச எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. எல்லோருக்கும் அது வாய்க்காது.