மாமாவுக்குப் பின்னால் ஆறு நிமிடம்

சாலை வேலை நடக்கும் இடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவின் இரண்டு முனையிலும் அப்படி ஒவ்வொன்றை வைத்துத்தான் என் அத்தையின் இதயத்தில் எவ்வளவு வலு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். ஆறு நிமிடம் இங்கும் அங்கும் நடக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். நடந்த தூரத்தை அளந்து டாக்டரிடம் கொடுப்பார்கள்.

இதயம் பலவீனமாகி, மாத்திரையில் காலம் ஓட்டிக்கொண்டிருந்த அத்தை முதல் சோதனைக்கு மாமாவோடு போய் வந்தாள். தூரம் மிகக் குறைவு, மாடிப்படி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் குடியிருந்ததோ உழவர்கரையில் ஒரு வீட்டின் மாடியில். அன்றோடு அத்தைக்குத் தெரு இல்லாமல் போயிற்று. மில்லில் நின்று நின்று முட்டி தேய்ந்துபோன மாமா, டாக்டர் சொன்னதைக் கோர்ட் உத்தரவுபோல எடுத்துக்கொண்டார். காய்கறி, பால் எல்லாம் அவர் கையால்தான் மேலே வரும். கல்யாணங்களுக்கும் அவர் மட்டும் போய் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். போனில் அத்தை, "காலு நல்லாத்தாண்டி இருக்குது. சொன்னா யாரு கேக்கறாங்க? பேப்பர்ல போட்டுட்டாங்களே" என்பாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள் என்று குரலிலேயே தெரியும்.

அடுத்த சோதனைக்கு நான் லீவு போட்டுக் கூடப் போனேன். இதிலும் தேறாவிட்டால் அந்த அறைதான் கதி என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தை கூம்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் மாமா நின்றார்.

"மாமா எதுக்கு அத்த?"

"போன வாட்டியும் அவருதான் தொணைக்கு முன்னால நடந்தாரு. அவரத் தாண்டிட்டா போவ முடியும்?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து தெருவில் மாமாவுக்குப் பின்னால் நடந்தே பழகியவள், வராந்தாவிலும் அப்படியே நடந்திருக்கிறாள். மாதக்கணக்கில் அவளைப் பூட்டி வைத்திருந்தது மாமாவின் முட்டி.

சோதனை எடுக்கிற பெண் இந்தமுறை புதியவள். "கூட யாரும் நடக்கக்கூடாதும்மா" என்றாள். மாமாவைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். முதலில் தயங்கினாள், பிறகு மார்க்கெட்டுக்குக் கிளம்பியவள் மாதிரி கை வீசி நடந்தாள். நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்து நின்றாள். மூச்சு அடங்கியதும் மறுபடி நடந்தாள். மாமா முட்டியைத் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இரண்டு தாளையும் வைத்துப் பார்த்தார். இதயம் பழையபடி பலவீனம்தான், ஆனால் நிதானமாகப் படி ஏறி இறங்கலாம், தினமும் கொஞ்சம் நடக்கவும் வேண்டும் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே நல்ல வெயில். மாமா காலைச் சாய்த்துச் சாய்த்து பஸ் ஸ்டாப் பக்கம் போனார். அத்தை அவருக்குப் பின்னால், அவர் வேகத்திலேயே போனாள். நான் அவள் காதோரம், "இப்பவாச்சும் முன்னால போ அத்த" என்றேன்.

மாமாவின் முதுகைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "போலாம்டி. போயி எங்க நிக்கறது?"