தாரகாவின் வலப்பக்கம்

மூச்சை நிறுத்திக்கொண்டுதான் தாரகா அந்தப் படலத்தைத் தொடுவார். விரல் நுனியில் பஞ்சு, பஞ்சில் கரித்தூள். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் முப்பதாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, அந்தத் தடிமன்தான் அந்தப் பிளாஸ்டிக் படலம். அதன்மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். முப்பது எண்ணியதும் முகத்தைத் திருப்பி மூச்சு விடுவார். மறுபடி ஒரு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு திரும்புவார். மூச்சுக்காற்று பட்டால் ஈரம் ஒட்டும். ஈரம் ஒட்டினால் ஆறு மாதம் கழித்து, எங்கோ ஓர் ஊரில், அதை வாங்கியவரின் காதுக்குள் எண்ணெயில் கடுகு பொரியும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் கையால் விரட்டுவார். வேலை முடிந்த பிறகுதான் விளக்கம் வரும். "பேசினா எச்சில் தெறிக்கும் லா அண்ணே. வெளிய நில்லுங்க."

காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள். நான் லேபிள் அச்சடிக்கிறேன். அவர் ஹெட்ஃபோன் செய்கிறார். ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி, ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் குளிக்கும்போது மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பி. முடி உதிர்ந்தால் அன்றைய வேலை போச்சு. பவுடர் கிடையாது, சென்ட் கிடையாது. கதவில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. மாதத்துக்கு இரண்டு ஜோடி முடித்தால் அது நல்ல மாதம்.

மற்ற ஹெட்ஃபோன்களில் காந்தம் இருக்கும், கம்பிச்சுருள் இருக்கும். தாரகாவுடையதில் இரண்டும் இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தட்டுகள், நடுவில் அந்தப் படலம், அவ்வளவுதான். படலத்துக்கு ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் மின்னூட்டம் ஏற்றுகிறார். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அந்த விசைதான் இங்கே படலத்தை அசைத்து ஒலியை எழுப்புகிறது. கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்தைய யோசனை. செய்ய மெனக்கெட வேண்டும், ஓட்டுவதற்குப் பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்த தனிப்பெட்டி வேண்டும், ஈரக்காற்று ஆகாது. அதனால் ஊரில் பலரும் அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

தாரகா அதற்குள் வந்தது தற்செயல். ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் பொறியாளராக இருந்தார். தட்டுகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சுப் பூசுவது அவர் வேலை. தொழிற்சாலையை மூடினார்கள். அந்தச் சமயத்தில் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில், படலம் கிழிந்த ஒரு பழைய ஜப்பான் ஹெட்ஃபோன் அவர் கையில் கிடைத்தது. பிரித்துப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லண்ணே உள்ள. ஈரம் தாங்கலன்னு தூக்கிப் போட்டிருக்காங்க. ஈரத்தைத் தடுக்கிற பூச்சுதான் நான் இருபது வருஷமா பூசினேன்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை தெரியும்.

படலத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் அவரிடம் இல்லை. தேக்கா பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வாங்கிய டியூப்தான் இருக்கிறது. டியூபை வட்டமாகக் கிடத்தி, அதன்மேல் படலத்தை ஒட்டி, பம்பால் காற்றடிப்பார். டியூப் உப்ப உப்பப் படலம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விறைக்கும்.

சோதித்துப் பார்ப்பதற்கு அவர் பாட்டுப் போடுவதில்லை. தேக்கா சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்த சத்தம் ஒன்று இருக்கிறது. இடது பக்கம் தேங்காய் துருவும் இயந்திரம். வலது பக்கம் மீன் வெட்டும் கத்தி. நடுவில் ஒரு பெண் கீரை விலை கேட்கிறாள். அந்தக் குரல் நெற்றிக்கு நேர் நடுவில் வந்து நிற்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் பிரித்துவிடுவார். குறைகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்களெல்லாம் சமையலறையிலிருந்து வந்தவை. ஈரக்கசிவு என்றால் கடுகு. கூர்மை மங்கிய சத்தம் என்றால், "ஈர அப்பளம்ணே. கடிச்சா நொறுங்க மாட்டேங்குது."

போன வருடம் நவம்பரில் விடாத மழை. ஒரு திங்கட்கிழமை காலை, முடித்து வைத்திருந்த ஜோடி ஒன்றைத் தாரகா தலையில் மாட்டினார். இடது பக்கம் தேங்காய் துருவியது. வலது பக்கம் கத்தியைக் காணோம். அதற்குப் பதிலாக 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். முந்தின வாரம்தான் இன்னொரு ஜோடியில் வலப்பக்கம் மழை ஈரத்தால் பழுதாகியிருந்தது. இதுவும் அதுதான் என்று முடிவு செய்து, வலது பக்கத்தைப் பிரித்துப் படலத்தைக் கிழித்தெறிந்தார். புதிதாக இழுத்தார், தேய்த்தார், உலர்த்தினார், மாட்டினார். மறுபடியும் இரைச்சல்.

பத்தொன்பது நாள் அப்படியே போயிற்று. அந்தப் பத்தொன்பது நாளில் ஏழு படலங்கள். சரியாக இருக்கிறது என்றுதான் ஒலியை அளக்கும் மீட்டர் ஒவ்வொரு முறையும் காட்டியது. மீட்டரில் கோளாறு என்று நினைத்து அதையும் பிரித்தார். ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. அது அறையின் ஏர்கான் என்று நினைத்தார். காது அடைத்த மாதிரி இருந்ததை மழைக்காலச் சளி என்று நினைத்தார். பிடோக்கில் தனியாக இருக்கிறார். டிவி சத்தம் அதிகம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பூன் லேயில் இருக்கும் அக்கா வாரம் ஒருமுறை கூப்பிடுவார். போனைத் தாரகா எப்போதும் இடது காதில்தான் வைப்பார்.

நான்காவதோ ஐந்தாவதோ நாள், லேபிள் மாதிரியைக் காட்ட அவர் அறைக்குப் போனேன். மேசையில் குனிந்திருந்தார். அவருக்கு வலது பக்கமாக நின்று இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. ஏதோ கோபம் என்று நினைத்து, காகிதத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தோளைத் தொட்டிருக்கலாம். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

பத்தொன்பதாம் நாள் கேபிளில் சிக்கு விழுந்திருந்தது. அதை எடுத்த கையோடு தெரியாமல் ஹெட்ஃபோனை இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டார். மீன் வெட்டும் கத்தி இடது காதில் கேட்டது. டக், டக் என்று ஒவ்வொரு வெட்டும் சுத்தமாக. வலது காதில் அதே இரைச்சல்.

"வலது பக்கம் சரியில்லன்னு யார் மெசேஜ் போட்டாலும் நான் முதல்ல என்ன சொல்வேன் தெரியுமா? திருப்பிப் போட்டுப் பாருங்கன்னு சொல்வேன். அஞ்சு செகண்ட் வேல. எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்." பல வாரம் கழித்து, கீழ்த்தளத்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "நான் ஏன் போட்டுப் பாக்கல?"

பதில் அவருக்குத் தெரியும் என்று தோன்றியது. தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு அவரே, "சாமான் கெட்டுப்போனா நான் சரி பண்ணிடுவேன்ல" என்றார்.

ஹெட்ஃபோனை மாற்றி மாட்டிய அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனார். முன்னறிவிப்பில்லாமல் சிலருக்கு இப்படி ஒரு காது ஒரே நாளில் போய்விடுமாம். காரணம் பெரும்பாலும் தெரியாதாம். முதல் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தால் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு, நாள் ஆக ஆக அது குறையும் என்று டாக்டர் சொன்னார். ஏன் உடனே வரவில்லை என்று கேட்டார். ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லத் தாரகாவுக்கு வாய் வரவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். செவிப்பறை வழியாக மூன்று ஊசி போட்டார்கள். கேட்கவில்லை.

அதன் பிறகு ஒருநாள் சைக்கிள் டியூப் வாங்க அவரோடு நானும் தேக்காவுக்குப் போனேன். பஃபலோ ரோட்டுக்கு அருகில் தெருவைக் கடக்கும்போது லாரி ஒன்று ஹாரன் அடித்தது. தாரகா நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். லாரி அவருக்கு வலது பக்கம் இரண்டு முழத்தில் வந்து நின்றிருந்தது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "சத்தம் வருதுண்ணே. எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல. ஊரே ஒரே பக்கமா இருக்கு." சைக்கிள் கடையில் பையன்கள் மணியடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் டியூபை வாங்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிட்டார்.

சாங்கியில் சரக்கு விமானங்களில் பாரம் ஏற்றுவதை மேற்பார்வை செய்யும் உமைர் என்பவர் பதினொரு மாதமாக ஒரு ஜோடிக்குக் காத்திருந்தார். நாள் முழுக்க எஞ்சின் சத்தம், வீட்டுக்குப் போனதும் சுத்தமாக எதையாவது கேட்க வேண்டும் என்பார். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் வாங்கிப்போக வந்தார். பெட்டி அடுக்கிக் கொடுக்க நானும் அங்கே இருந்தேன். அவர் அதைத் தலையில் மாட்டப் போகும்போது தாரகா அவர் கையைத் தடுத்தார்.

"ஒண்ணு சொல்லிடுறேன் உமைர். எனக்கு வலது காது போயிடுச்சு. இதை ஒவ்வொரு பக்கமா இடது காதுல வெச்சுக் கேட்டுட்டேன். ரெண்டும் சேர்ந்து எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது."

உமைர் மாட்டிக்கொண்டார். இருபது நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு குழந்தையை இறக்கி வைப்பதுபோல் மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். நெஜமா. ஆனா நீங்க சொன்னப்புறம், வலது பக்கம் ஏதாச்சும் குறையுதான்னே தேடிக்கிட்டு இருக்கேன். பாட்டு காதுல ஏறல." மன்னிப்புக் கேட்டார். இரண்டு முறை கேட்டார். வெறுங்கையோடு போனார்.

லிஃப்ட் கதவு மூடியதும், "சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"பாதி கேட்டதை முழுசுன்னு எப்படிண்ணே குடுக்கிறது?"

"மீட்டர்தான் சரின்னு காட்டுதே."

"மீட்டருக்குக் கடுகு தெரியும், ஈர அப்பளம் தெரியாது லா" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "அன்னிக்கு மீட்டர் சரியாத்தான் சொல்லிச்சு" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு மாதம் அந்த அறை பூட்டிக் கிடந்தது. இடத்தைக் காலி செய்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை முனீரா வந்தார். நாற்பது வயதிருக்கும். தாரகாவுக்கு மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதித்தவர் அவர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வலது காதுக்குச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், கடைசிவரை தாரகாவின் விரல் பொத்தானை அழுத்தாததைப் பார்த்துக்கொண்டிருந்தவர். டாக்டரிடம் சொல்லாத பத்தொன்பது நாள் கதையைத் தாரகா அவரிடம்தான் சொல்லியிருக்கிறார்.

"தன் காதை விட்டுட்டு அக்கா அதையே ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தாங்களே, அப்படி என்னதான் அதுன்னு பாக்க வந்தேன்" என்று முனீரா என்னிடம் சொன்னார். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து விசாரித்திருந்தார். நான்தான் தாரகாவைக் கூப்பிட்டேன். பிடோக்கிலிருந்து பஸ் பிடித்து வந்து திறந்தார்.

உமைர் வைத்துவிட்டுப் போன ஜோடியை முனீரா மாட்டிக்கொண்டார். தாரகா தேக்கா சத்தத்தைப் போட்டுவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்து, முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தார். இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கேட்க முடியாதவர், கேட்பவருடைய முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் பொம்பள எங்க நிக்கிறா?"

முனீரா கண்ணைத் திறக்காமல் புருவத்துக்கு நடுவே விரலை வைத்தார். பிறகு விரலை ஒரு நெல்லளவு இடது பக்கம் நகர்த்தினார். "இங்க அக்கா."

தாரகா எழுந்து போய்ப் பிளாஸ்டிக் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அன்றைக்கே வலது பக்கத்தைப் பிரித்துவிட்டார். இந்த முறை படலம் உண்மையிலேயே தளர்ந்திருந்தது.

இப்போது சனிக்கிழமை தோறும் முனீரா வருகிறார். வேலை நடக்கிறது. தாரகாவுக்கு அதில் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒரு ஜோடி முடிந்தால் ஒரு மணி நேரமாவது அதைத் தலையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். இப்போது முனீரா தலையசைத்ததும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன அட்டை போகும். 'செய்து, கேட்டுச் சரிபார்த்தவர்' என்று ஒரே வரி. கீழே அவர் கையெழுத்து. போன மாதம் அட்டையை மாற்றி அடித்துத் தரச் சொன்னார். "ரெண்டு வரியா போடுங்கண்ணே. செய்தவர் தனி, கேட்டவர் தனி."

அடித்து எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போனேன். முதல் பெட்டி தயாராக இருந்தது. தாரகா முதல் வரியில் கையெழுத்துப் போட்டு, அட்டையை முனீராவின் பக்கம் தள்ளினார். முனீரா தயங்கி அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் குனிந்து, கேட்டவர் வரியில் எழுத ஆரம்பித்தார்; பேனா அட்டையில் கீறும் சத்தம் கேட்டது. தாரகா தன் இடது உள்ளங்கையை உயர்த்தி, கேட்கிற அந்த ஒரு காதை இறுக்கிப் பொத்திக்கொண்டார். முனீரா எழுதி முடித்து நிமிர்ந்து, சரியா என்பதுபோல் ஏதோ கேட்டார். தாரகா கையை எடுக்கவில்லை. அந்த உதடுகள் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.