ஆட்டக்கூறு

எங்கள் அப்பா சாமுவேல் ஊர்க்கூட்டத்தில் எதையும் மறுத்துப் பேசியவர் இல்லை. போன வைகாசியில் மறுத்தார். ஊர் தன் மகனுக்குக் கொடுக்க வந்ததை அவர் வேண்டாம் என்றார்.

உத்திரமேரூருக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் எங்கள் காலனி. வயல்கள் எங்களுடையவை அல்ல, குட்டை மட்டும் எங்களுடையது. தண்ணீர் வற்றியதும் எல்லோரும் இறங்கி மீன் பிடிப்போம். கரையில் வீட்டுக்கு ஒரு கூறு என்று பிரித்து வைப்பார்கள். எந்த வீட்டுக்கும் சேராத ஒரு பெரிய கூறு கூடுதலாக இருக்கும். நல்ல விரால் எல்லாம் அதில் போகும். அதன் பெயர் ஆட்டக்கூறு. டவுன் வியாபாரிகள் அதை ஏலம் எடுப்பார்கள். அந்தப் பணம் காலனியின் கபடிக் குழுவுக்கு. வேன் வாடகை, பனியன், முழங்காலுக்குப் பட்டை எல்லாம் அதிலிருந்துதான்.

கூறு போடுவது அப்பா. கூறு போடுகிறவர் எல்லோரும் எடுத்த பிறகு மிஞ்சியதை எடுக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வேலைக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை.

கபடிக் குழு கலைந்து சில வருடம் ஆகிறது. பையன்கள் ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். ஆட்டக்கூறு பணத்தில் ஒரு வருடம் நாற்காலி வாங்கினார்கள், இன்னொரு வருடம் சமுதாயக் கூடத்துக்கு டிவி. போன வருடம் என் தம்பி வசந்த்குமார் அதைத் தனக்குக் கேட்டான்.

அவன் மொபைலில் துப்பாக்கிச் சண்டைப் போட்டி ஆடுகிறவன். நான்கு பேர் கொண்ட அணி, நால்வரும் வெவ்வேறு ஊர். தகுதிச் சுற்றுகளைத் தாண்டி ஐதராபாத்தில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தார்கள். போய் வரவும், ஆட்டத்தின் நடுவில் சூடேறி நின்றுவிடாத ஒரு போன் வாங்கவும் அவனுக்கு வழி இல்லை. ஒப்பந்த வேலை. சம்பளம் வீட்டுச் செலவுக்கே சரியாகிவிடும்.

ஏலம் முடிந்து, ஈரத் துணியோடு எல்லோரும் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்.

முதலில் பேசியது எதிர் வீட்டுச் செவ்வந்தி. "எங்க வூட்டுக்காரரும் இப்டித்தான் போனத் தடவிக்கினு இருந்தாரு. ஆட்டோ பூட்ச்சி. இதுக்கு ஊரு மீனு வேறயா?"

"யக்கா, அது ரம்மி. துட்டு கட்டி ஆடுறது. இதுல நாம துட்டே கட்ட வாணாம்."

"துட்டு கட்டாம எவன்டா பரிசு குடுக்குறான்? உன் மாமியாரா?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. ஊர்ப் பெரியவர் பச்சமுத்து தலையை ஆட்டினார். "கபடின்னா வியர்வ வரும், ரத்தம் வரும். இவன் குந்திக்கினே சுடுறான், குந்திக்கினே சாவுறான். கண்ணெரிச்சல் தவிர இன்னா வருது?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சுகிர்தா, நீ கம்பெனில கம்ப்யூட்டர் வேல பாக்குற. நீ சொல்லு. இது ஆட்டமா, சூதா?"

நான் நெட்வொர்க் பராமரிப்பு பார்க்கிறேன். ஆட்டம்தான் என்றேன். சீட்டு விழுவதைப் போல இதில் எதுவும் தானாக வந்து விழாது. கண்ணும் கையும் கணக்கும்தான். எதிரி அசைவது கண்ணில் பட்டு விரல் நகர எடுக்கும் நேரத்தில்தான் ஜெயிப்பதும் தோற்பதும். தினம் மணிக்கணக்கில் பயிற்சி எடுக்கிறான் என்றேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"காட்டச் சொல்லு, பாக்கலாம்" என்றார் ஒருவர்.

சமுதாயக் கூடத்து டிவியில் தம்பியின் போனை இணைத்தேன். அன்று மாலை அவன் அணிக்குப் பயிற்சி ஆட்டம். முதலில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். எது தம்பி, எது எதிரி என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். திரையில் ஆட்டக்காரர்கள் உயிரோடு நிற்கக்கூடிய வட்டம் சுருங்கச் சுருங்கக் கூடத்தில் சத்தம் கூடியது.

"வைக்கப்போருக்குப் பின்னாடி ஒருத்தன் கீறான்டா!"

"அது வைக்கப்போர் இல்ல மாமா, பாற."

"பாறையோ இன்னாவோ. சுடுறா!"

செவ்வந்தி நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். "பின்னாடி பாருடா கண்ணு, பின்னாடி!" தம்பி பின்னால் திரும்பிச் சுட்டான். கூடம் அதிர்ந்தது. கபடிக்கு இப்படிக் கத்திக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

ஆட்டம் முடிந்ததும் பச்சமுத்து எழுந்தார். "குடுத்துடலாம். நம்ம புள்ள ஆடுறான். எங்க ஆடுனா இன்னா?" யாரும் எதிர்க்கவில்லை.

அப்பா பின்வரிசையில் இருந்தார். உட்கார்ந்தபடியே சொன்னார். "எம் புள்ளைக்கு வாணாம்."

"ஏன் சாமுவேலு?"

"வாணாம்னா வாணாம். வேற எதுனா வாங்குங்க."

தம்பி போனின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினான். "அவருக்கு நான் ஆடுறது புடிக்கல. அத சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் இடத்தில் வேறு ஒருவனைச் சேர்த்துக்கொண்டு அந்த அணி ஐதராபாத் போனது. அப்பாவிடம் அவன் பேசுவதை நிறுத்தினான்.

எனக்குக் காரணம் மறுநாள் தெரிந்தது. மிஞ்சிய மீனை அப்பா கிணற்றடியில் அலசிக்கொண்டிருந்தார். ஏன் நைனா என்று கேட்டேன். வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் மடங்காது.

அவர் கபடி ஆடியதும், பழையசீவரத்தில் ஆற்று மணலில் நடந்த போட்டியில் முழங்கால் போனதும் எனக்குத் தெரியும். ஆட்டக்கூறு முழுவதும் அந்த வருடம் அவருக்குத்தான் செலவானது என்பது தெரியாது. அது போதாமல் எல்லா வீட்டுக் கூறையும் சேர்த்து விற்று ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வைகாசியில் காலனியில் ஒரு வீட்டிலும் மீன் குழம்பு இல்லை.

"அதுக்கப்புறம் எவன் கூப்டாலும் நான் போவணும்னு ஆச்சு. சாவு, கல்யாணம், பந்தலு, போலீசு டேசனு. ஓரிக்கையில வாட்ச்மேன் வேல கெடச்சிது. ரூமும் குடுத்தான். மாசம் முடியல, பச்சமுத்து அண்ணன் வந்து, திருவிழா வருது, நீ இல்லாம எப்டின்னாரு. வந்துட்டேன்."

"சொல்லிக் காட்டுனாங்களா?"

"ஒருத்தனும் ஒரு வார்த்த சொன்னதில்ல. அதாம்மா பேஜாரு. சொல்லிக் காட்டியிருந்தா சண்ட போட்டுட்டு எங்கனா போயிருப்பேன்."

செதில் எடுப்பதைத் தொடர்ந்தார். ஜெயித்தால் ஊர் தூக்கிக்கொண்டு ஆடும், அதில் பிரச்சினை இல்லை என்றார். தோற்றவன் என்ன ஆவான் என்றுதான் அவருக்குத் தெரியும். "கடன்காரன்கிட்ட வாங்குனா கட்டிட்டு வந்துடலாம். இத எங்க போய் கட்டுறது?"

"தம்பிகிட்ட சொல்லலாமே?"

"வாணாம். ஊரு மேல கோவம் வந்துடும் அவனுக்கு. எம் மேல இருந்துட்டுப் போவட்டும்."

மார்கழியில் ஒரு சாவு வீட்டுக்குப் பாடை கட்டப் போனார். திரும்பி வந்து நெஞ்சு அடைக்கிறது என்றார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தம்பி இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். ஊர் முழுக்க வந்து நின்றது. பந்தல், குழி, பெட்டி என்று நாங்கள் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. அவரைத் தேய்த்துத் தீர்த்தவர்கள் என்றும் தோன்றியது, இவர்கள் இல்லாமல் அவரை எப்படி எடுத்திருப்போம் என்றும் தோன்றியது. இரண்டையும் யோசிக்கத் தெம்பு இல்லை.

இந்த வைகாசியில் பச்சமுத்து கூறு போட்டார். தங்கள் கூறில் எல்லாம் பொடிமீன் என்று இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். தம்பியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்த அணி மறுபடியும் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தது. இந்த முறை அவன் கேட்கவில்லை. பச்சமுத்துவே வீட்டுக்கு வந்து பணத்தை அம்மா கையில் கொடுத்தார். "அவரு வாணாம்னாரு. அவரு மனசுல இன்னா இருந்துச்சோ. புள்ள போய் ஆடிட்டு வரட்டும்."

அவர் போனதும் அப்பா சொன்னதை எல்லாம் தம்பியிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உனக்கு ஊர் மேல கோவம் வருமாம்."

"நீ இன்னா சொல்ற? வாங்கட்டுமா?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. கொடுக்க ஆள் இல்லாதவன் நிலைமையும் எனக்குத் தெரியும். தம்பி நாலு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கும் கம்பெனியில் அவன் பெயரைக் கூட மேலதிகாரி சரியாகச் சொல்வதில்லை.

"ஊரு கூப்ட்டா கூப்டட்டும்க்கா" என்றான். பணத்தை எடுத்துக்கொண்டான்.

ஐதராபாத்தில் அவர்கள் அணி கடைசிக்கு முந்திய இடம். கூடத்து டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். கடைசி ஆட்டத்தில் தம்பி முதலில் செத்தான். டிவியை யாரோ அணைத்தார்கள். "பெரிய பெரிய ஆளுங்க, நல்ல நெட்டு, ஏசி ரூம்ல பழகுனவனுங்க. நம்ம புள்ள அது வரைக்கும் போனதே பெருசு" என்றாள் செவ்வந்தி. அவன் ஊருக்கு வந்ததும் எல்லோரும் நாஷ்டா ஆச்சா என்று விசாரித்தார்களே தவிர ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் புதுப் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பயிற்சி ஆட்டத்துக்கு உட்காரப் போனான். காலனியில் கிருஷ்ணசாமி வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். பச்சமுத்து வாசலில் வந்து நின்றார்.

"வசந்து, பந்தலுக்குக் கொம்பு நடணும். ஆளு பத்தல. உனக்கு ஆட்டம் கீதா? கீதுன்னா வுடு நைனா, நான் வேற யாரனா பாத்துக்கிறேன்."

அவர் குரலில் ஒரு குத்தலும் இல்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். போக வேண்டாம் என்று நான் தலையை அசைத்தேன்.

"இல்ல மாமா, வரேன்" என்றான். அணிக்காரர்களுக்கு இன்று வர முடியாது என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனான்.