தறி ஓடாத நாளில் கடல் தொட்டி

1986 ஜூலை 21, திங்கட்கிழமை. ஆடித் தபசு, எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். முதலில் மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரின் மேல் கை வைத்துச் சூடு பார்த்தேன். வழக்கமான வெதுவெதுப்புதான். தொட்டியின் விளிம்பில் இரவெல்லாம் பூத்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்தேன். கண்ணாடியில் நெயில் பாலிஷால் போட்டு வைத்த கோட்டுக்குத் தண்ணீர் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. ஆடிக் காற்றுக்கு அப்படித்தான் இறங்கும். முந்தின நாள் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். காற்றில் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் இறங்கின அளவுக்குக் கடல்நீரை ஊற்றக் கூடாது. பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

காபி கொண்டுபோனபோது மதினி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். என் கணவரின் அக்கா. ஒவ்வொரு ஆடிக்கும் புளியங்குடியிலிருந்து வந்து பத்து நாள் எங்களோடு இருப்பாள்.

"ஏட்டி, இது வீடா, மீன்கடையா?"

"மூக்கை விட்டுட்டுச் சொல்லுங்க மதினி. மீன்கடை நாத்தம் அடிக்குதா?"

விட்டுப் பார்த்தாள். "அடிக்கல. அதான் சந்தேகமா இருக்கு."

மதினி சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை, முட்டைகூட வாங்குவதில்லை. அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில் ஆறடி நீளத்துக்குக் கடல் இருந்தது.

நான் தூத்துக்குடியில் பிறந்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் கடலைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. பையன்கள் இருவரும் ஹாஸ்டலுக்குப் போன வருடம் அவர்களுடைய கட்டில் கிடந்த இடம் காலியாயிற்று. அங்கே தொட்டி கட்டலாமா என்று கேட்டேன். கணவர் சரி என்றார். இரும்புச் சட்டம் வைத்தால் உப்புத் தண்ணீருக்குத் துருவாகக் கொட்டும். ஆகவே மூன்று பக்கமும் அடியும் சிமெண்ட், முன்பக்கம் மட்டும் கனமான கண்ணாடி. கட்ட வந்த கொத்தனார் அளவைக் கேட்டுவிட்டு, "மீன் விடப் போறீங்களா, நீங்களே இறங்கிக் குளிக்கப் போறீங்களா?" என்றார். சிமெண்டின் காரம் போகும்வரை தண்ணீர் நிரப்பி நிரப்பி இறைத்தோம். அந்த இரண்டு மாதமும் கொல்லையில் வாழை நன்றாக வந்தது.

கடல்நீர், தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவரும் லாரியில் பிளாஸ்டிக் கேன்களில் வந்தது. என் தம்பி கரையைவிட்டுத் தள்ளி, தெளிந்த தண்ணீராக மொண்டு அனுப்புவான். பாசியும் புழுவும் ஒட்டிய பாறைக் கற்களை ஈரச் சாக்கில் சுற்றி அவனே பஸ்ஸில் கொண்டுவந்தான். கடைசியாக ஒரு கடல் சாமந்தியும் இரண்டு மீன்களும் வந்தன. சாமந்தி என்றாலும் அது பூ இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக அசையும் ஒரு பிராணி. அந்த விரல்களுக்குள்தான் மீன்கள் இரண்டும் குடியிருக்கும். கறுப்பு உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். பெரியது பெண், சிறியது ஆண். சாமந்திக்கு வாரம் ஒருமுறை ஊறவைத்த கருவாட்டு இறால் வேண்டும். அதை எங்கள் தறி ஓட்டுகிறவர் ஒருவர் கொல்லை வாசலில் கொடுப்பார். நறுக்குகிற கத்தி தறிக்கூடத்தோடு சரி, சமையலறைக்கு வராது. செம்பு, பித்தளை எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்றும் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். கடல் உயிருக்குச் செம்பு விஷம். போன வருடம் இதைச் சொன்னபோது, "எங்களுக்கெல்லாம் செம்புத் தண்ணிதான் மருந்து. உன் மீனுக்கு மட்டும் விஷமா?" என்று மதினி சிரித்தாள்.

இந்த வருடம் அவள் வந்து இறங்கின அன்றுதான் பெண் மீன் சாமந்திக்குப் பக்கத்துப் பாறையில் முட்டை போட்டிருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவை. உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு, கேசரி நிறத்தில், நெருக்கி நெருக்கி. ஒரு வாரத்தில் பொரியும் என்று தம்பி எழுதியிருந்தான். குஞ்சுகளைப் பிழைக்க வைக்க எனக்குத் தெரியாது, தொட்டியில் அதற்கு ஏற்ற தீனியும் கிடையாது. ஆனால் பொரிவதைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. ஆண் மீன் இரவு பகல் அந்த இடத்தை விட்டு நகராமல் செட்டையால் முட்டைகளுக்குத் தண்ணீரை விசிறிக்கொண்டிருந்தது.

"ஆம்பளையா காவல் நிக்கான்?" என்றாள் மதினி.

"ஆமா மதினி. பொம்பளைக்குப் போட்டதோட வேலை முடிஞ்சுது."

"ஏலே தம்பி, இங்கன வா. இவனைப் பாத்தியா? உன் பிள்ளைகளுக்கு நீ ஒருநாள் விசிறியிருப்பியா?"

"எனக்கு எட்டுத் தறி ஓடுதுக்கா," என்றார் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "அவனுக்கு ஒரு பாறைதான்."

தறி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கொல்லையில் எங்கள் விசைத்தறிகள், பக்கத்து வீட்டில் தறி, எதிர்த்த வீட்டில் தறி. அந்தச் சத்தம் காதில் விழுவதே எங்களுக்குத் தெரியாது. நின்றால்தான் தெரியும். முதல் வருடம் கரண்ட் போன ஒரு மதியம் நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். காற்று மோட்டார் நின்று, இந்த ஜோடியோடு விட்டிருந்த வேறு மூன்று மீன்கள் செத்தன. அதிலிருந்து தறிச் சத்தம்தான் எனக்குக் காவல். காய்கறிக் கடையில் நிற்கும்போது ஊர் சட்டென்று ஓய்ந்தால் கடைக்காரரே, "அக்கா, ஓடுங்க. உங்க மீனுக்கு மூச்சு முட்டும்" என்பார். ஓடி வந்து, காற்றடைத்து வைத்த லாரி டியூபை எடுத்து மெல்லிய குழாயால் தொட்டியோடு இணைப்பேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் குமிழி விடும். டியூப் இருப்பது தறிக்கூடத்தில்.

தபசன்று தறிகளுக்கு லீவு. காலையிலேயே தறிக்கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் கணவர். மதினிக்கு முழங்கால் வீக்கம், நடக்க முடியவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. எனக்கும் சேத்துக் கும்பிடுங்க" என்று அனுப்பி வைத்தாள். மூன்றரை மணிக்கு நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. அம்மனுக்குக் காணிக்கையாக எறிந்த பருத்தியும் மிளகாய் வற்றலும் தலைக்கு மேல் பறந்தன. சுவாமி அம்மனுக்குக் காட்சி கொடுத்து முடிந்தபோது தெரு முழுக்க டியூப் லைட் எரிந்தது, ஒலிபெருக்கி அலறியது. எல்லாம் ஜெனரேட்டரில் ஓடியது என்பது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. எங்கள் தெரு முனையில் திரும்பினோம். ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை.

"எப்ப போச்சு கரண்டு?" என்று வாசலில் நின்றவர்களிடம் கேட்டேன்.

"அது நாலு மணிக்கே போயிட்டுதே. காத்துல கம்பி அறுந்துட்டாம்."

அப்போது ஏழாகப் போகிறது. சத்தம் நின்றால் ஓடிவரப் பழகியவள் நான். அன்றைக்கு நிற்பதற்குச் சத்தமே இல்லை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

கூடத்தில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. சளக், சளக் என்று தண்ணீர் விழும் சத்தம். மதினி முக்காலியைத் தொட்டியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு கை எட்டும் உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"வாயைப் பாத்துட்டு நிக்காத. கையை மாத்து. என் தோள் கழண்டுட்டு."

வாங்கிக்கொண்டேன். "இப்படிச் செய்யணும்னு யாரு மதினி சொன்னா?"

"காபி ஆத்த எனக்கு யாரு சொல்லித்தரணும்? கொப்புளம் வாரது நின்னு போச்சு. கொஞ்ச நேரத்துல பெரியவ மேல வந்து வாயைப் பொளக்கா. எனக்கு இழுப்பு வந்தா நான் எப்படிக் கிடப்பேன்னு நீ பாத்திருக்கல்லா? அதே மாதிரி. பாத்துட்டு எப்படிட்டி சும்மா இருக்க?" மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பய மட்டும் மேல வரவே இல்ல. அங்கனயே நின்னு விசிறுதான்."

கணவர் தறிக்கூடத்தைத் திறந்து டியூபைத் தூக்கி வந்தார். குமிழி எழும்பின பிறகுதான் என் கையிலிருந்ததைப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளர். மதினி குடிக்கிற பித்தளைச் செம்பு அவள் எப்போதும் உட்காரும் இடத்தில், கை எட்டும் தூரத்தில், நிறைய தண்ணீரோடு அப்படியே இருந்தது. அந்த முழங்காலோடு சமையலறை வரை நடந்து டம்ளரை எடுத்து வந்திருக்கிறாள்.

நான் செம்பையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

"என்ன பாக்க? நீதானே ஆகாதுன்னு சொன்ன? போ, வெந்நீர் போடு. மீன் தண்ணியில கை வச்சாச்சு, ரெண்டாம் குளி குளிக்கணும்."

எட்டரை மணிக்குக் கரண்ட் வந்தது. பெரியது சாமந்திக்குள் போய்ப் படுத்துவிட்டது. மீன்கள் மிரளும் என்று டார்ச் அடிக்காததால் முட்டைகள் எப்படி இருக்கின்றன என்று தெரியவில்லை. உயிர் இருந்தால் காலையில் தெரியும் என்று மதினி சொன்னாள். குளித்துவிட்டு வந்து, எங்கள் வீட்டில் அந்த வருடம் முதல் தடவையாக, கூடத்திலேயே தொட்டிக்கு எதிரே இலை போடச் சொல்லிச் சாப்பிட்டாள். வழக்கமாக மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், சமையலறையில்தான் சாப்பிடுவாள்.

மறுநாள் காலை எழுந்ததும் மோட்டாரில் கை வைக்கவில்லை. டார்ச்சை எடுத்துப் பாறைமேல் அடித்தேன். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் மினுங்கின. ஆண் மீன் விசிறிக்கொண்டிருந்தது. உள்ளே போய் மதினியை எழுப்பி, முழங்காலுக்கு வலிக்காமல் தோளைக் கொடுத்து, தொட்டியடிக்குக் கூட்டிவந்தேன்.