பல்லில் பிடித்த சிவப்பு

பள்ளிக்கூடத்திலேயே அழுக்கான வாய் என்னுடையதுதான் என்று ஒரு டாக்டர் என்னை பெஞ்சின் மேல் ஏற்றிக் காட்டினார். நான் அதை முதல் பரிசு என்று எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. யாரும் பார்க்கத் தவறிவிடக் கூடாதே என்று ஜெயமங்கலம் கடைத்தெரு முழுக்க வாயைத் திறந்துகொண்டே நடந்தேன். என்னை அறிவாளி என்று நம்பிக்கொண்டிருக்கும் ஓரிருவர் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்வது நல்லது.

தொண்ணூற்றேழு வாக்கில் நான் மூன்றாம் வகுப்பு. ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலை விளைகிற ஊரில் சிவப்பு என்பது வெறும் நிறம் இல்லை, அது ஒரு சான்றிதழ். வெற்றிலை போட்ட வாய் நன்றாகச் சிவந்தால் புருசனுக்குப் பாசம் அதிகம். மருதாணி வைத்த கை நன்றாகச் சிவந்தால் வீட்டில் பாசம் அதிகம். இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் கிடையாது.

அந்த ஆடியில் எனக்கும் பெரியப்பா மகளுக்கும் ஒரே அம்மியில் அரைத்த மருதாணிதான் வைத்தார்கள். என்னைவிடச் சில மாதம் மூத்தவள் என்பதால் எனக்கு அவள் அக்கா, அதே வகுப்பில் படித்ததால் எதிரி. காலையில் அவள் கை செம்பருத்தி மாதிரி இருந்தது. என் கை, ரசம் ஊற்றிய சோற்றின் நிறத்தைத் தாண்டவில்லை. அவள் என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"தம்பி பொறந்துட்டான்ல. இனி உனக்கு அம்புட்டுத்தான்."

தம்பி பிறந்திருந்தது உண்மை. அம்மாவின் மடியில், தோளில், இடுப்பில் எங்கு பார்த்தாலும் அவன்தான் இருந்தான் என்பதும் உண்மை. அதனால் அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. சிவப்பாக ஏதாவது ஒன்று என் மேல் பிடிக்காதா என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் மதுரையிலிருந்து பல் டாக்டருக்குப் படிக்கிற அக்காக்கள் வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் வெள்ளைக் கோட்டு. அவர்களில் மூத்தவர் பல்லைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் வாயைப் பார்த்து முடித்ததும் அவர் தன் கையின் தோலை உரித்துக் கூடையில் போட்டார், பிறகு வேறு தோலை மாட்டிக்கொண்டார். கையுறை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. சாயம் எங்கே பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று அவர் விளக்கியதெல்லாம் அந்த நேரத்தில்தான் நடந்திருக்க வேண்டும்.

ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தார்கள். மென்று, நாக்கால் எல்லாப் பல்லிலும் தடவி, துப்பச் சொன்னார்கள். என் கையில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடியைக் கொடுத்து, "ஆ காட்டு பாப்பா" என்றார் டாக்டர் அக்கா. நான் ஆ காட்டினேன்.

அதுவரை என் வாய்க்குள் நான் போனதில்லை. சோறு போகும், பேச்சு வரும், அவ்வளவுதான் தெரியும். கண்ணாடிக்குள் டார்ச் வெளிச்சம் விழுந்ததும் அங்கே ஒரு குகையே இருந்தது. அதன் சுவரோரம் வரிசையாக நின்ற பற்கள் அத்தனையும் சிவப்பு. விளிம்பில் அடர்த்தியாக, நடுவில் இளசாக, இரண்டு பல்லுக்கு இடையில் குங்குமம் தீட்டியது போல. கோயில் கோபுரத்துக்குச் சாயம் பூசுகிறவன்கூட இவ்வளவு பொறுமையாகப் பூசியிருக்க மாட்டான். மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் அக்காவுக்கும் மூச்சு நின்றிருக்க வேண்டும். "எல்லாரும் இங்க வாங்க, இந்தப் பாப்பா வாயைப் பாருங்க!" என்று கூப்பிட்டு என்னை பெஞ்சில் ஏற்றினார். பள்ளிக்கூடமே வரிசையில் வந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பெரியப்பா மகளும் வந்தாள். அவள் பல்லில் பெயருக்குக்கூடச் சிவப்பு இல்லை. பாவம், அவளுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்காக வருத்தப்பட்டேன்.

என் பல் துலக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பல்பொடி ரோஸ் நிறத்தில் இனிப்பாக இருக்கும். உள்ளங்கையில் கொட்டி, ஒரு சிட்டிகையைப் பல்லுக்குக் காட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றுவிடுவேன். இந்த முறையின் பலனைத்தான் ஊரே வரிசையில் வந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு எல்லாருக்கும் புதுப் பிரஷ் கொடுத்து, குழாயடியில் சிவப்புப் போகும்வரை தேய்க்கச் சொன்னார்கள். எனக்கு இது விளங்கவே இல்லை. வந்த பரிசை யாராவது கழுவுவார்களா? வரிசையின் பின்பக்கமாக நழுவினேன். "ஏ புள்ள, வாயைக் கழுவிட்டியா?" என்று டீச்சர் கேட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

பள்ளி விட்டதும் கடைத்தெரு வழியாக வாயைத் திறந்துகொண்டே கொடிக்காலுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருந்தாள். அகத்தி மரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மாவும் இரண்டு பெண்களும் கீழே உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நேரே போய் அம்மாவின் முகத்துக்கு முன்னால் வாயைத் திறந்தேன்.

"அய்யய்யோ, ரத்தம்! யாருடி அடிச்சா?"

கையில் இருந்த வெற்றிலையெல்லாம் சிதறியது. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ரத்தமில்ல மதினி. உங்க மக இப்பவே வெத்தல போடப் பழகிட்டா. மாப்பிள்ளை பாருங்க."

பின்னாலேயே ஓடி வந்த பெரியப்பா மகள் மூச்சுவாங்கச் சொன்னாள்: "சித்தி, அது மருந்துச் சாயம். அழுக்கு இருக்கிற எடத்துலதான் பிடிக்குமாம். இவ வாயிலதான் ரொம்ப அழுக்குன்னு டாக்டரு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனாக."

"பொறாமை" என்றேன் நான்.

அம்மா என் கையில் இருந்த பிரஷைப் பிடுங்கினாள், மோட்டார் தொட்டி ஓரத்துக்கு இழுத்துப் போனாள், மடியில் உட்காரவைத்து முகவாயைத் தூக்கிப் பிடித்தாள். எப்படித் தேய்ப்பது என்று பெரியப்பா மகள் பக்கத்தில் நின்று ஒப்பித்தாள்: வட்டம் வட்டமா, முன்னாடி, பின்னாடி, கடவாய்ப் பல்லு மேல, ராத்திரியும் ஒரு தடவ. வெற்றிலையில் ஒரு கடுகளவு கறுப்புப் புள்ளி இருந்தாலும் முன்னும் பின்னும் திருப்பிக் கண்டுபிடிக்கிற கண் அம்மாவுக்கு. அந்தக் கண்ணை அன்று என் வாய்க்குள் இறக்கினாள். ஒவ்வொரு பல்லாகச் சிவப்புக் கரைந்து வெள்ளை வந்தது. கீழ்ப்பல்லின் பின்புறம் ஒளிந்திருந்ததையும் விடவில்லை. நுரையோடு சிவப்பு வாய்க்காலில் போவதைப் பார்த்து நான் அலறினேன்.

"அழிக்காதம்மா!"

"அழுக்கப் போயி அழிக்காதங்கிறா. எதுக்குடி?"

"செவந்தாத்தான பாசம்?"

பிரஷ் ஒரு கணம் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். தொட்டிலில் தம்பி எழுந்து அழ ஆரம்பித்திருந்தான். அம்மா திரும்பவில்லை. "மதினி, அவன ஆட்டிவிடுங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு என்னிடம், "வாயத் தொற, இன்னும் கடவாயில இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் முழுவதும் எனக்கு, கைக்கு வந்த ஒரே அத்தாட்சியும் வாய்க்காலோடு போய்விட்டதே என்ற துக்கம். இரவு சோறு தின்றதும் அம்மா மறுபடி பிரஷோடு வந்தாள், மறுநாளும் வந்தாள். நானே ஒழுங்காகத் தேய்க்கப் பழகும்வரை, தம்பியை இறக்கிவைத்துவிட்டு, என் முகத்தைக் கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பி ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். இது ஏதோ தண்டனை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். தம்பி அழுதும் திரும்பாமல் என்னை மடியில் வைத்துக்கொண்டாயே என்று சொல்லும்போது என் குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மடியில வச்சேனா? நீ ஓடிப்போயிருவேன்னு ரெண்டு காலுக்கும் நடுவுல இடுக்கிப் பிடிச்சிருந்தேன்டி. ஆட்டுக்கு மருந்து ஊத்துறப்ப அப்பிடித்தான் பிடிக்கணும்."